ரொட்டி வேகும் வரை

ரொட்டிக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தெருவில் ஒரு வாய்கூட அவரைக் குறை சொல்லவில்லை. குறையெல்லாம் ரொட்டிக்குத்தான் வந்தது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் அவரைப் புகழ்வார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பிறகு நேற்று வாங்கிய ரொட்டியைப் பையிலிருந்து எடுத்து மகள் முன்னால் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிக் காட்டுவார்கள். விரல் உள்ளே போய்த் திரும்பும்போது மாவையும் கூட்டிக்கொண்டு வரும்.

"தங்கமான மனுஷன்மா உங்கப்பா. அவர் இருந்தவரைக்கும் இப்படி ஒரு நாள் நடந்ததுண்டா?"

"இல்லைங்க."

"குத்தம் சொல்றேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கலைங்க" என்று நினைத்துக்கொண்டே சொல்வாள்.

அவளுக்கு வீட்டில் நடுவுளவள் என்று பெயர். மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தம்பி, நடுவில் இவள். கல்யாணமாகி, மகள் வளர்ந்து வெளியூரில் நர்ஸ் வேலைக்கும் போய்விட்டாள், அப்படியும் அந்தப் பெயர் போகவில்லை. அண்ணனும் தம்பியும் மீசை முளைத்ததும் மாவு மூட்டைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் மருந்துக்கடை வைத்தார். தம்பி லிப்ட் மெக்கானிக் ஆனான். நடுவுளவள் மட்டும் புருஷனோடு பிறந்த வீட்டிலேயே தங்கி, மாவு பிசைந்து, உருட்டி, அச்சில் அடுக்கி, முன்கட்டில் நின்று விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் காலையில் அடுப்பில் தீ மூட்டுவார், சாயங்காலம் வேனில் ரொட்டி கொண்டுபோய்ப் போடுவார். இரண்டுக்கும் நடுவே வேனுக்குள் ஒரு தூக்கம் போடுவார்.

அப்பா இறந்து மழைக்காலம் வந்துவிட்டது. இதுவரை அவள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுததில்லை. அழலாம் என்று உட்கார்ந்தால் யாராவது ரொட்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடத்துக் கேன்டீன்காரர் முதலில் நின்றார். அடுத்து முக்குக் கடைக்காரர் நின்றார். கடைசியாக மாணவர் விடுதிச் சமையல்காரர், குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, ஒரு சாக்கை இறக்கி வைத்தார்.

"பிள்ளைங்க திங்க மாட்டேங்கிறாங்கம்மா. எறிஞ்சு விளையாடுறாங்க. சுவத்துல போய் ஒட்டிக்கிது. எடுத்தா வர மாட்டேங்குது."

"மழையில விறகு ஈரம் அண்ணாச்சி…"

"விறகு ஈரம்னு நான் மேலே சொல்ல முடியுமா? உங்கப்பா முகத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து பாத்து எடுக்கிறேன். அன்னிக்கும் இப்படியே இருந்தா வேற இடம் பாத்துக்கிறேன். மனசுல வச்சுக்காதே."

விடுதியும் கைவிட்டுப் போனால் கடையில் ஈ ஓட்டக்கூட வேலை இருக்காது. ஈயும் இப்போதெல்லாம் வருவதில்லை.

ரொட்டிக்காரருக்கு உலகத்தில் இரண்டே வேலை. குடும்பத்துக்காக ரொட்டி சுடுவது ஒன்று, குடும்பத்துக்காகக் கடவுளிடம் மல்லுக்கட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்தில் முடித்துவிடுவார். அந்த அடுப்பு செங்கல் அடுப்பு, ஆள் குனிந்து நுழையலாம் போலப் பெரியது. காலையில் உள்ளே விறகை எரித்து, மதியத்துக்கு மேல் தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, நீளக் கம்பு வைத்த பலகையால் அச்சுகளை உள்ளே தள்ள வேண்டும். இரும்புக் கதவைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டால் வேகும் வரை திறக்கக் கூடாது. பாதியில் திறந்தால் குளிர்காற்று பட்டு, உப்பிய ரொட்டி முகம் தொங்கிப்போகும். எனவே உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பேச்சே இல்லை.

அவர் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனையைத் தொடங்குவார். வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடுத்து வைத்து, இன்னாருக்கு இன்னது வேண்டும் என்று கேட்பார். கேட்டு முடித்துக் கதவைத் திறந்தால் ரொட்டி வெந்திருக்கும். இதில் ஒரு சங்கடம் வந்தது. மருமகள் வந்தாள், மருமகன் வந்தார், பேரப்பிள்ளைகள் வந்தார்கள், பிரார்த்தனை நீண்டுகொண்டே போனது. மூத்தவனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வாரம் ரொட்டியெல்லாம் கரிக்கட்டை. அப்போது உயிரோடு இருந்த அம்மா, "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வாயில கேட்டா என்ன, கடவுள் கோவிச்சுக்குவாரா?" என்று சத்தம் போட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்களைக் குறைக்க முடியாது. விறகைக் குறைப்போம்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். குடும்பம் பெருகப் பெருக விறகு குறைந்த பேக்கரி வேறெங்காவது இருக்கும் என்று தோன்றவில்லை.

ஒருமுறை மூத்தவர் சுவர்க்கடிகாரம் ஒன்று வாங்கி வந்து அடுப்பறையில் மாட்டச் சொன்னார். ரொட்டிக்காரர் அதைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மெச்சி, முன்கட்டில் வாடிக்கையாளர் பார்க்க மாட்டிவிட்டார்.

மாவு பிசையவும் உருட்டவும் சொல்லிக்கொடுத்த மனிதர் மகளை மட்டும் அடுப்பு வாய்க்குக் கிட்டே விட்டதில்லை. "தீ பொல்லாதது, நீ அந்தப்பக்கம் நில்லு" என்பார். சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அதே பேச்சு, அவளுக்குத் தலை நரைத்த பிறகும் அதே பேச்சு. அவளுடைய மேசை சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தது. "ஆண்டவனே, நான்தான்" என்று தொடங்குகிற முதல் வார்த்தை மட்டும் கேட்கும். மீதியெல்லாம் முணுமுணுப்பாக வரும், அதற்குள் முன்கட்டிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். கையில் ஒரு சூட்டுத் தழும்புகூட இல்லாத ரொட்டிக்காரியாகவே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. இந்த மழைக்காலத்துக்குள் இரண்டு முழங்கையும் கோடு கோடாகிவிட்டது. அன்பு என்று சொல்லி அடுப்பை மறைத்துவிட்டுப் போய்விட்டாரே என்று தழும்பில் எண்ணெய் தடவும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்கட்டுக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அடுப்பறையில் மாட்டிப் பார்த்தாள். ஒரு நாள் சரியாக வந்தது. அதே கணக்கில் மறுநாள் கரிந்தது. அதற்கு மறுநாள் மழையில் விறகு நனைந்து, வெளியே பொன்னாகவும் உள்ளே களியாகவும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு முன்கட்டுக்கு ஓடுவாள், சில்லறை கொடுப்பாள், ஓடி வருவாள், முள்ளைப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள். புருஷன் ஒரு தடவை, "நான் வேணா நின்னு பாக்கட்டுமா?" என்று கேட்டார். நின்றார். நின்றபடியே தூங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் தம்பியும் வந்தார்கள். அண்ணன் வந்ததும் வராததுமாக நாற்காலியைத் துணியால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"நான் சுத்தி வளைக்காம சொல்லிடுறேன். மூடிடலாம். அப்பா பேரு கெடுறதுக்குள்ள மூடிடலாம்."

"அப்பா பேரு கெடலை அண்ணே. அவரை எல்லாரும் தலையில தூக்கி வச்சிருக்காங்க. என் பேருதான் கெடுது. அதுக்கு நீங்க ஏன் கவலைப்படுறீங்க?"

தம்பிக்குச் சிரிப்பு வந்து டீ புரையேறியது.

"நீ சிரிக்காதேடா" என்றார் அண்ணன். "கண்ணாடிக்கடை வைக்க ஒருத்தர் கேட்கிறார். மரியாதையான ஆளு. அந்த அடுப்பை இடிச்சுட்டா உள்ள கண் பரிசோதிக்க நல்ல இடம் கிடைக்கும்னார்."

"வந்து பாத்துட்டே போயிட்டாரா?"

"சும்மா… வெளியில நின்னு பாத்தார்."

"வெளியில நின்னு பாத்தா அடுப்பு தெரியாதே."

அண்ணன் டீயைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தாள். நடுவுளவள் கையிலிருந்த மாவை உதறிவிட்டு எழுந்தாள். கோபத்தில் அவளுக்குக் குரல் ஏறாது, இறங்கும்.

"இன்னிக்குச் சாயங்காலம் விடுதிக்காரர் வர்றார். அவர் சரின்னு எடுத்துட்டுப் போனா கடை நடக்கும். இல்லைன்னா நீங்களே கடப்பாரையோட வாங்க, நான் குறுக்கே நிக்கலை. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் எனக்கு ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லு."

"அடுப்பு முன்னால நின்னு அப்பா சொன்ன பிரார்த்தனையைச் சொல்லணும். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் முழிக்கிறீங்க? நீங்க எப்ப வந்தாலும் நேரா அங்கதானே போய் அவர்கூட நிப்பீங்க. சூடா ரொட்டியைப் பிச்சுத் தின்னுக்கிட்டு ஆம்பளைங்க மூணு பேரும் பேசுவீங்க. டீ கொண்டாந்து குடுத்துட்டுத் திரும்புறவ நான். நான் எங்கே கேட்டேன்?"

"அக்கா, நான் சாமி கும்பிடுறதை விட்டே ரொம்ப நாளாச்சு" என்றான் தம்பி.

"உன்னை யாரு கும்பிடச் சொன்னா? ரொட்டியை வேக வை."

கடைக்கான முதல் ஈடு தயாராக இருந்தது. விடுதிக்கு உள்ளது இரண்டாம் ஈடு, ஈரத்துணிக்குக் கீழே உப்பிக்கொண்டிருந்தது. புருஷன் தணலை வாரிவிட்டுக் கைகழுவி, "ஏதாச்சும்னா கூப்பிடு" என்று வேனைப் பார்த்துப் போய்விட்டார். அச்சுகளை உள்ளே தள்ளினாள், கதவைச் சாத்தினாள், துணியைத் திணித்தாள். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அண்ணி மாவு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள், வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிற குரலை எடுத்தார். "எல்லாம் வல்ல ஆண்டவனே! ஏழை எளியோரை ரட்சிக்கும் பெருங்கருணையே!"

"இது எங்கேருந்து வருது?" என்றான் தம்பி. "அப்பா இப்படியா பேசுவாரு?"

"ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதை வச்சா ரொட்டி கரிஞ்சுடும் அண்ணே. 'ஆண்டவனே, நான்தான். ரொட்டியை உள்ள வச்சாச்சு'ன்னு ஆரம்பிப்பாரு."

நடுவுளவள் தலையாட்டினாள். "அது சரி. அது எனக்கும் கேட்கும். அப்புறம்?"

"அப்புறம் அம்மா. 'அவளை உன்கிட்ட அனுப்பியிருக்கேன். காலையில டீ சூடா இல்லைன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்குவா, பாத்து நடந்துக்கோ. நானும் வந்துடுவேன், அவசரம் இல்லை.' அதுக்கு அப்புறம் அண்ணன்."

"என் பங்கை நானே சொல்றேன்" என்றார் அண்ணன். "'மூத்தவன் குடும்பத்துக்குத் தூண். அவன் கடையும் மனையும் செழிக்கட்டும்.'"

"தூணா?"

"தூண்தான்."

"'மூத்தவன் நல்லவன். அதை அவனே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாம நீ பாத்துக்கோ.' இதுதானே அண்ணே?"

மாவு மூட்டை குலுங்கியது. அண்ணி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சிரி. நல்லா சிரி" என்றார் அண்ணன். "அப்பா என்னை அப்படிச் சொல்லவே இல்லை. இவன் கட்டி விடுறான். நான் இதுல இல்லை, ஆளை விடுங்க."

"அண்ணே, உள்ள ரொட்டி இருக்கு!" நடுவுளவள் கதவுக்கும் அண்ணனுக்கும் நடுவே வந்து நின்றாள். "நீங்க சண்டை போடுற நேரத்தை நான் சேத்துக்கணுமா, கழிச்சுக்கணுமா? அதையாச்சும் சொல்லுங்க."

அண்ணன் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, கூட்டத்துக் குரலை விட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"'சின்னவன் உன்னை நம்பலைங்கறான். அவன் நம்பலைன்னா நீ அவனை நம்பு. யாராச்சும் ஒருத்தர் ஆரம்பிக்கணும்ல.'"

 தம்பி காலடியில் கிடந்த கரியைக் காலால் ஒதுக்கினான்.

"இப்படியா சொன்னாரு?"

"நீ வராத நாள்லதான் சொல்வாரு. நீ வந்தா, 'சின்னவன் வந்திருக்கான், உனக்கே தெரியும்'னு தாண்டிடுவாரு."

அதற்குப் பிறகு சண்டை இல்லை. ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொடுத்தார். மருமகளுக்குப் பொறுமை கேட்டதும், இரட்டைப் பிள்ளைகளில் எது எதுவென்று தனக்கு மாறிப்போனாலும் கடவுளுக்கு மாறிவிடக் கூடாது என்று கேட்டதும், நர்ஸ் பேத்திக்கு ஊசி போடும்போது கை நடுங்கக் கூடாது, போட்டுக்கொள்கிறவனுக்கும் நடுங்கக் கூடாது என்று கேட்டதும் வந்தது. "மாப்பிள்ளை வண்டியை நீயே ஓட்டு, அவர் தூங்கிட்டு வரட்டும்" என்று மருமகனுக்குக் கேட்டதைச் சொல்லும்போது நடுவுளவளுக்கே சிரிப்பு வந்தது. அப்பா செத்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்ததற்காக உடனே எரிச்சலும் பட்டுக்கொண்டாள்.

"அவ்வளவுதான்" என்றான் தம்பி. "மாப்பிள்ளையோட அப்பா சத்தம் நின்னுடும்."

கதவைத் திறந்தாள். நிறம் வெளுப்பாக இருந்தது. ஒன்றை எடுத்து அச்சிலிருந்து தட்டினாள், விழவில்லை. பிடுங்கினாள், இரண்டாகப் பிளந்து நூல் நூலாக இழுத்தது. இப்போது எல்லோரும் பார்க்கும்படி அவளே கட்டைவிரலால் அமுக்கினாள். கணு வரை போனது.

 அண்ணன் பேசாமல் இருந்திருக்கலாம், பேசினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல."

நடுவுளவள் பலகையைத் தூக்கி எறிந்தாள். அது தண்ணீர் வாளியில் பட்டு, வாளி உருண்டு, அண்ணியின் கால் நனைந்தது.

"என்ன சொன்னீங்க? என்ன சொன்னீங்க எனக்கு? அத்தனை பேரையும் உள்ள கூப்பிட்டு உக்காத்தி வச்சு ஒவ்வொருத்தனுக்கும் சொல்லியிருக்காரு. எனக்கு இந்த ஒரு கதவை எப்பத் திறக்கணும்னு சொல்லலை! நான் பிசைஞ்ச மாவுதானே? நான் உருட்டினதுதானே? இன்னிக்குத் தெருவே என் மூஞ்சியில ரொட்டியை அமுக்கிக் காட்டுது. தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன்னு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு!"

"இரு அக்கா" என்றான் தம்பி. அவன் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். "இரு, இரு. ஒரு ஆளு விட்டுப்போச்சு."

"யாரு? எல்லாரையும்தான் சொல்லியாச்சே" என்றாள் அண்ணி.

"அக்காவை யாரும் சொல்லலை."

நடுவுளவள் அவனை முறைத்தாள். "எனக்கு என்ன இருக்கு சொல்ல? நான் கூடவேதானே கிடந்தேன். தூரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் வேண்டிக்கணும். பக்கத்துல இருக்கிறவளுக்கு எதுக்கு?"

"அப்படி யாரு சொன்னா உனக்கு?" அண்ணன் நிமிர்ந்தார். "உன் பங்குதான் இருக்கிறதுலயே பெரிசு. எனக்கு எத்தனை தடவை எரிச்சலா வந்திருக்கு தெரியுமா? மாப்பிள்ளை வரைக்கும் சத்தமா சொல்வாரு. அப்புறம் சுவத்தோரமா ஒட்டி நின்னுக்கிட்டு வாய்க்குள்ளயே பேசுவாரு. முடியவே முடியாது. நாங்க கால் கடுத்து வெளியே வந்துடுவோம்."

"என்ன சொன்னாரு?"

"கேட்கலையேம்மா."

"கேட்கலையா, கவனிக்கலையா?"

"சத்தியமா கேட்கலை. நீ சுவத்துக்கு அந்தப்பக்கம் இருப்பே, உன் காதுல விழக்கூடாதுன்னுதான் அப்படிப் பேசினாருன்னு நினைக்கிறேன்."

"நான் ஒரு தடவை கேட்டேன்" என்றான் தம்பி. "அக்காவுக்கு மட்டும் என்னப்பா இவ்வளவு நேரம்னு. 'அது எனக்கும் அவனுக்கும் உள்ள வழக்கு, நீ போய் டீ குடி'ன்னுட்டாரு."

இதைக் கேட்டு அவளுக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இன்னும் காந்தியது. இவ்வளவு நேரம் பேச ஒரு விஷயம் இருந்திருக்கிறது, அதை எங்கோ இருக்கிற கடவுளிடம் தினமும் சொல்லியிருக்கிறார், பத்தடி தூரத்தில் நின்றவளிடம் ஒரு நாள் வாய் திறக்கவில்லை. முன்கட்டில் குடையை உதறுகிற சத்தம் கேட்டது. விடுதிச் சமையல்காரர் வந்துவிட்டார்.

"எல்லாரும் வெளியே போங்க" என்றாள். "அண்ணே, நீங்க அவர்கிட்ட பேசிக்கிட்டு இருங்க. நல்லாப் பேசுவீங்கல்ல? பேசுங்க. தம்பி, நீ இதையெல்லாம் வெளியே எடுத்துட்டு, விடுதிக்கு உள்ள அச்செல்லாம் உள்ள தள்ளிட்டுப் போ."

தம்பி ஒவ்வொன்றாகத் தள்ளினான். அவள் கதவைச் சாத்தித் துணியைத் திணித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அதைக் கழற்றி மாவு மூட்டை மேல் குப்புறப் போட்டுவிட்டுத் தனியாக நின்றாள்.

"ஆண்டவனே, நான்தான்" என்று தொடங்கினாள். குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "அவர் இல்லை. அவர் மகள். ரொட்டியை உள்ள வச்சாச்சு."

அம்மாவுக்கு டீ சூடாகக் கேட்டாள். அண்ணனுக்கு வாய் குறையக் கேட்டாள், அதில் மட்டும் கொஞ்சம் அழுத்தம் கூடிவிட்டது. தம்பியை நம்பச் சொன்னாள். அண்ணிக்கு, இரட்டைப் பிள்ளைகளுக்கு, ஊசி பிடிக்கிற மகளுக்கு, வேனில் தூங்குகிற புருஷனுக்கு, எல்லாருக்கும் அப்பா கேட்டதையே கேட்டாள். பிறகு தன்னுடைய முறை வந்தது. என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவரைப் போலச் சுவரோரம் போய் நின்று பார்த்தாள். செங்கல் அனலடித்தது.

"என்னதான் கேட்டாரு உன்கிட்ட?" என்றாள்.

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"நீயும் சொல்ல மாட்டே. நல்ல ஜோடிதான் ரெண்டு பேரும். சேந்து சேந்து பேசியிருக்கீங்க, பேசினது யாரைப் பத்தியோ அவளுக்குத் தெரியாது. ஏன்ப்பா, நான் என்ன செவிடா? ஓடிப்போனவனுங்களுக்கு அடுப்பு வாசல். கூட நின்னவளுக்குக் கல்லாப்பெட்டி. தீ பொல்லாததுன்னியே, இப்ப வந்து பாரு என் கையை. நீ விட்டுட்டுப் போன அடுப்புதான் சுட்டுச்சு. அப்பவே காட்டியிருந்தா அப்பவே ரெண்டு சூடு பட்டு முடிஞ்சிருக்கும்ல?"

பேசப் பேச ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தது. எப்போதோ தீர்ந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்ததெல்லாம் வந்தது.

"இவருக்கு வெளியூர்ல கம்பெனி வண்டி ஓட்டுற வேலை கிடைச்சுதே, ஞாபகம் இருக்கா? வீடுகூடப் பாத்துட்டோம். வாசல்ல குழாய் இருந்த வீடு. போகாதேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா? சொல்லலை. சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். போயிட்டு வாம்மான்னே. சொல்லிட்டுத் தட்டைத் தள்ளி வச்சே. மறுநாளும் தள்ளி வச்சே. சாப்பிடாம கிடக்கிற அப்பனை விட்டுட்டு எந்த மக போவா? போகலை. அதுக்கு அப்புறம் நீயும் அதைப் பேசலை, நானும் பேசலை. அதைத்தான் இந்த ஆண்டவன்கிட்ட தினம் பேசிக்கிட்டு இருந்தியா? மகளைப் பிடிச்சு வச்சுக்கிட்டேன், மகளைப் பிடிச்சு வச்சுக்கிட்டேன்னு இவன்கிட்ட அழுது என்ன புண்ணியம்? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? 'தப்புப் பண்ணிட்டேன்மா'ன்னு ஒரு தடவை? நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்? போப்பா, மாவு காயுதுன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானேப்பா. அவ்வளவுதானே…"

அழுகை வந்துவிட்டது. மாதக்கணக்காகக் காத்திருந்த அழுகை, குடம் கவிழ்ந்தது போல வந்தது. அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். இடையில் ஒரு மணம் வந்தது. இத்தனை நாளும் அந்த மணம் வந்திருக்கும், அவள்தான் முன்கட்டில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். உமி வறுபடுவது போலத் தொடங்கி, லேசாக இனித்து, இனிப்பு கசப்பாகத் திரும்பப் பார்த்தது. பேச்சை முடிக்காமலே துணியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தாள்.

முதல் ரொட்டி அச்சிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. அடியில் விரலால் தட்டினாள். பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

விடுதிச் சமையல்காரர் முன்கட்டில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அமுக்கினார். ரொட்டி அமுங்கி, விரலை வெளியே தள்ளிவிட்டு எழுந்தது. இன்னொன்றை எடுத்து அமுக்கினார், அதுவும் எழுந்தது. பிறகு சாக்கை விரித்து அடுக்கத் தொடங்கினார். பாதி அடுக்கியதும் அண்ணனைப் பார்த்து, "உங்கப்பா தங்கமான மனுஷன்" என்றார். அண்ணன் பெருமையாகத் தலையாட்டினார்.

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். கரியும் கண்ணீரும் சேர்ந்து அவள் கன்னத்தில் வழிந்திருந்தன.

"என்னக்கா வேண்டிக்கிட்டே?"

"வேண்டிக்கலை. திட்டினேன்."

"யாரை?"

"ரெண்டு பேரையும்."

சமையல்காரர் சாக்கைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். "அது சரிம்மா. நாளைக்கும் இதே மாதிரி வருமா?"

நடுவுளவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரும் அண்ணாச்சி. இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கலை."